ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளுக்கு வினை விகுதி எப்படிப் பிடிபடுகிறது?

கேள்வி இதுதான்: ஸ்பானிஷில் ஒரு வினைச்சொல்லுக்கு ஏறக்குறைய 50 வடிவங்கள் இருக்கின்றன. வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பெரியவர்கள் வருடக்கணக்கில் தடுமாறும்போது, மத்ரீத்திலோ மெக்ஸிகோவிலோ பிறந்த இரண்டு வயதுக் குழந்தை மட்டும் பிழையே இல்லாமல் பேசுகிறதாமே, எப்படி? விதி அதற்கு முன்பே தெரிந்திருக்கிறதா, கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறதா?

என் பதில்: குழந்தை முதலில் ஒவ்வொரு வினையிலும் ஓரிரு வடிவங்களை முழுச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. பல மாதம் கழித்து, பல வினைகளில் ஒரே வால் வருவதைக் கண்டுபிடிக்கிறது. விதி அதற்கும் பிறகுதான். “பிழையே இல்லை” என்பதில் பாதி உண்மை, மீதி கணக்குப் போடும் முறையால் வரும் மயக்கம்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்கிறேன். எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அதை நெடிலாக எழுதுகிறேன். இது தேவைப்படும். ‘மீரொ’ என்றால் ‘நான் பார்க்கிறேன்’, ‘மிரோ’ என்றால் ‘அவன் பார்த்தான்’. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, அழுத்தம்தான் வேறு.

தமிழ் தெரிந்தவருக்கு அடிப்படை புரிவதில் சிரமம் இருக்காது. ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. ஸ்பானிஷும் அப்படித்தான், எழுவாயைப் பெரும்பாலும் விட்டுவிடும். ‘மிரார்’ (பார்) என்ற வினையின் நிகழ்காலம்: மீரொ (பார்க்கிறேன்), மீரஸ் (பார்க்கிறாய்), மீர (பார்க்கிறான், பார்க்கிறாள்), மிராமொஸ் (பார்க்கிறோம்), மீரன் (பார்க்கிறார்கள்). முன்னிலைப் பன்மைக்கு ஸ்பெயினில் ‘மிராயிஸ்’ என்ற தனி வடிவம் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது புழங்குவதில்லை, அங்கே ‘மீரன்’ அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். பாடப்புத்தகம் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் மூன்று வினை வகுப்புகளைச் சொல்லும். ஆனால் ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டும் பெரும்பாலான விகுதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. குழந்தை காதில் விழுவது நடைமுறையில் இரண்டு தொகுதிகள்தான். ‘ஆர்’ வகுப்பு மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது, புதிதாக உருவாகும் வினைகளும் அதில்தான் சேர்கின்றன.

இனி, பெரியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று. ஸ்பானிஷில் வினைப் பகுதி தனியாக நிற்காது. ‘கொம்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கோமொ’, ‘கோமெ’, ‘கொமேர்’ என ஏதோ ஒரு வாலோடுதான் அந்த வினை காதில் விழும். ஆங்கிலக் குழந்தை விகுதியைச் சேர்க்க மறந்தால் வெறும் பகுதி மிஞ்சும், அதுவும் ஒரு சொல்லாகவே இருக்கும். அதனால் அங்கே பிழை என்பது விடுபடல். ஸ்பானிஷ் குழந்தைக்கு விட்டுவிடும் வழியே இல்லை. எந்த வாலைப் போடுவது என்று தேர்ந்துதான் ஆக வேண்டும். தவறினால் வேறொரு வால் வந்து உட்காரும், அதுவும் முழுச் சொல்லாகவே ஒலிக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் இரு மொழிக் குழந்தைகளின் பிழை விகிதங்களை ஒப்பிட்டால் முடிவு கோணலாகத்தான் வரும்.

டச்சு, ஜெர்மன், பிரெஞ்சுக் குழந்தைகள் இரண்டு வயதையொட்டி, ‘போகிறான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘போக’ என்பது போன்ற முற்றுப்பெறாத வடிவத்தைத் தாராளமாகப் போடுவார்கள். ஸ்பானிஷ், இத்தாலியன், கதலான் குழந்தைகளிடம் இது மிக அரிது. மொழியியலாளர் கென் வெக்ஸ்லர் 1990களில் முன்வைத்த கோட்பாட்டில் இது முக்கியமான சான்று. குழந்தை தன் மொழியின் அடிப்படை அமைப்பை மிகச் சீக்கிரமே பிடித்துவிடுகிறது என்பது அவர் தரப்பு. எதிர்த்தரப்பைப் பிறகு பார்ப்போம்.

ஒலியும் குழந்தைக்கு உதவுகிறது. ஸ்பானிஷில் ஐந்தே உயிர்கள், சொல்லின் கடைசியில் வந்தாலும் தேயாமல் தெளிவாகவே ஒலிக்கும். பெரும்பாலான விகுதிகள் உயிராலானவை. சின்னக் குழந்தை நீளமான சொல்லைக் குறைக்கும்போது அழுத்தத்துக்கு முன்னால் இருக்கும் அசையைத்தான் வெட்டுகிறது. ‘ஸப்பாத்தொ’ (செருப்பு) வெறும் ‘பாத்தொ’ ஆகும். தலை போய் வால் தங்குகிறது. விகுதி வாலில் இருப்பதால் தப்பிவிடுகிறது.

ஒன்றரை வயதில் தொடங்கும் முதல் வினைகள் எவை? ‘மீர’ (பாரு), ‘தாமெ’ (எனக்குக் கொடு), ‘வென்’ (வா), ‘எஸ்தா’ (இருக்கிறது), ‘ஸெ கயோ’ (விழுந்துடுச்சு), ‘கியேரொ’ (வேணும்). இதில் ஏவல், நிகழ்காலம், இறந்தகாலம், தன்மை, படர்க்கை எல்லாம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் ‘ஸெ கயோ’ சொல்லும் குழந்தை ‘நான் விழுந்தேன்’ என்பதற்கு ‘மெ கயீ’ என்று சொல்வதில்லை. ‘கியேரொ’ சொல்லும் குழந்தையிடம் அந்த வினையின் வேறு வடிவமே இருக்காது. ஒரு வினைக்கு ஒரு வடிவம். அந்த வடிவம் எந்தச் சூழலில் காதில் விழுந்ததோ அந்தச் சூழலோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் முந்துவது படர்க்கை ஒருமை: மீர, கோமெ, கியேரெ. காரணங்கள் பல. பொம்மை, நாய், கார், பால் என்று குழந்தையிடம் பேசப்படுவதெல்லாம் படர்க்கை. தாய் தன்னையே ‘மமா’ என்றும் குழந்தையை ‘நேனெ’ என்றும் சொல்லிப் பேசும்போது, நானும் நீயும்கூடப் படர்க்கைக்கு மாறிவிடுகின்றன. அதற்கு மேல், நெருக்கமானவரை ஏவும் வடிவமும் இதுவே. ‘கோமெ’ என்றால் ‘சாப்பிடுகிறான்’, ‘சாப்பிடு’ இரண்டும். ஆக ஒரே ஒலி இரண்டு வேலைக்காக நாள் முழுக்கக் காதில் விழுகிறது. குழந்தைக்குச் சரியான வால் நினைவுக்கு வராதபோது கைக்குக் கிடைப்பது இதுதான். ‘எனக்கு வேணும்’ என்பதற்குத் தன்னைக் காட்டி ‘கியேரெ’ என்பதும், பலர் சாப்பிடுவதைக் காட்டி ‘கோமென்’ என்னாமல் ‘கோமெ’ என்பதும் இப்படி வருபவை. இதற்கு எதிர்த் திசையில், ஒருவரைப் பற்றிப் பேசும்போது பன்மை வால் போடுவது அபூர்வம்.

அடுத்து வருவது தன்மை ஒருமையின் ‘ஒ’. இதை ஊட்டுவது கேள்வியும் பதிலும்தான். ‘கியேரெஸ் ஆகுவ?’ (தண்ணி வேணுமா?) என்று கேட்டால் ‘கியேரொ’ என்று சொல்ல வேண்டும். ‘தியேனெஸ் ஃப்ரீயொ?’ (குளிருதா?) என்றால் ‘தேங்கொ’. கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் தப்பாகிவிடும், ‘எஸ்’ போய் ‘ஒ’ வர வேண்டும். ஒரே வினையின் இரு வடிவங்கள் இரண்டு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து விழுவதால் வேற்றுமை அங்கே பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் ‘கெரேர்’ (வேண்டு), ‘தெனேர்’ (வைத்திரு), ‘பொதேர்’ (முடி) போன்ற வினைகளில் இரண்டு மூன்று வடிவங்கள் சீக்கிரம் சேர்கின்றன. ‘மழை பெய்’ போன்ற வினைக்கு ஒரே வடிவம்தான், அதற்கு மேல் அங்கே தேவையும் இல்லை. முன்னிலை ‘எஸ்’ அடுத்து, பன்மைகள் கடைசியில். ‘வாமொஸ்’ (போகலாம்) மட்டும் விதிவிலக்காக ஆரம்பத்திலேயே வந்துவிடும். அதைப் பார்த்துத் தன்மைப் பன்மை வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளக் கூடாது, அது ஒட்டுமொத்தமாக எடுத்த சொல்.

ஒரு குழந்தைக்கு ஒரு விகுதி நிஜமாகவே கைவந்துவிட்டதா என்று எப்படிச் சொல்வது? பேச்சைப் பதிவு செய்து அட்டவணை போடுவதுதான் வழி. இடப்பக்கம் வினைகள், மேலே விகுதிகள். பெரியவர் முந்தைய வாக்கியத்தில் சொன்னதையே குழந்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். பாட்டு, கதை மனப்பாடமும் வெளியே. மிச்சத்தில், ஒரு வினை குறைந்தது இரண்டு விகுதிகளோடும், ஒரு விகுதி குறைந்தது இரண்டு வினைகளோடும் வந்திருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். இப்படிக் கடுமையாகப் பார்த்தால் இரண்டு வயதில் நிறைந்திருப்பதுபோல் தெரிந்த அட்டவணையில் பெரும்பாலும் வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும். வர்ஜீனியா கேதர்கோல், எவ்ஹேனியா செபாஸ்தியான், பிலார் சோதோ மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில்தான் வாதிட்டது. விகுதி எல்லா வினைகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை, துண்டு துண்டாகத்தான் வருகிறது என்பது அவர்கள் கண்டது.

பதிவைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. குழந்தை ‘கோமென்’ என்பதற்குக் ‘கோமெ’ என்றால் அது இலக்கணப் பிழையாகவும் இருக்கலாம், சொல்லின் கடைசி மெய்யே அதன் வாயில் இன்னும் வராததாகவும் இருக்கலாம். அதே குழந்தை ‘பான்’ (ரொட்டி) என்பதில் ‘ன்’ சொல்கிறதா, ‘மாஸ்’ (இன்னும்) என்பதில் ‘ஸ்’ சொல்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் மெய் விழுந்தால் குற்றம் விகுதியில் இல்லை.

இப்போது அந்தக் கணக்கு மயக்கம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரு குழந்தை 200 நிகழ்கால வினைகளைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். படர்க்கை ஒருமை வர வேண்டிய இடங்கள் 130, அதில் 1 பிழை. தன்மை ஒருமை 50, அதில் 2. முன்னிலை 12, அதில் 1. படர்க்கைப் பன்மை 8, அதில் 4. மொத்தம் 8 பிழை, அதாவது 4 சதவீதம். ‘குழந்தைக்கு விகுதி தெரியும்’ என்று எழுதிவிடலாம். ஆனால் பன்மையில் பாதி தப்பு. அடிக்கடி கேட்ட வடிவங்கள் சராசரியைத் தூக்கி நிறுத்தி, கேட்காத வடிவங்களின் தடுமாற்றத்தை மறைத்துவிடுகின்றன. ஹவியேர் அக்வாதோ ஒரேயாவும் ஜூலியன் பைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 2 முதல் 2½ வயது வரையிலான இரண்டு ஸ்பானிஷ் குழந்தைகளின் பேச்சில் இதைத்தான் காட்டியது. மொத்தப் பிழை மிகக் குறைவு, ஆனால் அரிதாக வரும் இடங்களிலும் அரிதான வினைகளிலும் பிழை கூடுதல். ஒரு வினைக்குச் சராசரியாக எத்தனை வடிவங்கள் என்று பார்த்தாலும், அளவில் சமப்படுத்திய பேச்சில் குழந்தைகள் பெற்றோரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வெக்ஸ்லர் தரப்பின் ‘ஆரம்பத்திலேயே தெரியும்’ என்ற வாதத்துக்கு இது சரியான இடத்தில் விழுந்த அடி என்றே நினைக்கிறேன். அதேசமயம் 2½ வயதுக்குள் இவ்வளவு நெருங்கிவிடுகிறார்களே என்ற வியப்பும் நியாயமானதுதான்.

இறந்தகாலம் வேறு வழியில் நுழைகிறது. முதலில் வருபவை சட்டென முடியும் செயல்கள்: ‘ஸெ கயோ’ (விழுந்தது), ‘ஸெ ரொம்ப்பியோ’ (உடைந்தது). ஒரு செயலின் விளைவு கண்ணெதிரே கிடக்கும்போதுதான் இறந்தகால வடிவம் வருகிறது. நேற்று நடந்ததைச் சொல்ல அல்ல. நீண்டு நடந்ததைச் சொல்லும் ‘மிராப’ (பார்த்துக்கொண்டிருந்தான்), ‘கொமீய’ (சாப்பிட்டுக்கொண்டிருந்தான்) போன்றவை பிறகு வரும். பிரதேச வேறுபாடும் உண்டு. மத்ரீத்தில் இன்று நடந்ததைத் துணைவினை சேர்த்து ‘ஸெ அ ரோத்தொ’ என்பார்கள், மெக்ஸிகோவில் ‘ஸெ ரொம்ப்பியோ’. அதனால் எந்த இறந்தகால வடிவத்தில் குழந்தை முதலில் பழகும், எதில் பிழை விடும் என்பதே ஊருக்கு ஊர் மாறும். எதிர்காலத்துக்குக் குழந்தைகள் பயன்படுத்துவது ‘வா அ கொமேர்’ (சாப்பிடப் போகிறான்) என்ற தொடர். எதிர்கால விகுதிகள் பேச்சில் குறைவு, குழந்தையிடமும் தாமதம்.

மூன்று வயதை ஒட்டித்தான் உண்மையான விருந்து. அதுவரை சரியாகச் சொன்ன குழந்தை திடீரென்று தப்பாகச் சொல்லத் தொடங்கும். ‘ஸே’ (எனக்குத் தெரியும்) என்பதற்கு ‘ஸாபொ’. ‘போங்கொ’ (வைக்கிறேன்) என்பதற்கு ‘போனொ’. ‘ரோத்தொ’ (உடைந்த) என்பதற்கு ‘ரொம்ப்பீதொ’. ‘அபியேர்த்தொ’ (திறந்த) என்பதற்கு ‘அப்ரீதொ’. இவற்றில் ஒன்றையும் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தையே ஆக்கியது. ஸாபெஸ், ஸாபெ, ஸபேமொஸ் என்று கேட்டுக் கேட்டு, பகுதி ‘ஸாப்’, தன்மை வால் ‘ஒ’ என்று பிரித்துச் சேர்த்திருக்கிறது. விகுதி தனி உறுப்பாகக் கழன்று வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ‘ஸாபொ’ கேட்டால் பெற்றோர் கவலைப்படுகிறார்கள், நான் மகிழ்ச்சியடைவேன்.

‘பொனேர்’ (வை) என்ற வினையின் இறந்தகாலத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஒழுங்கான ‘ஏர்’ வினையில் ‘கொமீ’ (சாப்பிட்டேன்), ‘கொமியோ’ (சாப்பிட்டான்). இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில். ஆனால் ‘வைத்தேன்’ என்பது ‘பூஸெ’, ‘வைத்தான்’ என்பது ‘பூஸொ’. பகுதியே மாறிவிட்டது, அழுத்தம் முன்னால் போய்விட்டது. போதாக்குறைக்கு ‘பூஸொ’வின் அழுத்தமில்லாத ‘ஒ’, நிகழ்காலத்தில் ‘நான்’ என்று பொருள் தரும் வால். இங்கே அது ‘அவன்’. மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் விதி மீறல். குழந்தை ‘பொனீ’, ‘பொனியோ’ என்று போடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

உயிர் மாறும் பகுதிகளிலும் இதே கதை. ‘பொதேர்’ (முடி) வினையில் அழுத்தம் பகுதியில் விழும்போது ‘புவேதொ’ (என்னால் முடியும்), விகுதியில் விழும்போது ‘பொதேமொஸ்’ (நம்மால் முடியும்). குழந்தை ‘போதொ’ என்று மாறாத பகுதியை நீட்டிவிடும். ஹரால்ட் கிளாஸன், ஃப்ராய்பெத் அவெலேதோ, இகி ரோக்கா ஆகியோர் 15 குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் திசையை உறுதிசெய்தது. ஒழுங்கான விகுதியும் மாறாத பகுதியும் ஒழுங்கற்ற வினைகளுக்குள் பாய்கின்றன, மறுதிசையில் பாய்வதில்லை. அதாவது ‘கொமேர்’ போன்ற ஒழுங்கான வினையை ‘பூஸெ’ மாதிரி முறுக்குவதில்லை. இந்தப் பிழைகள் ஒழுங்கற்ற வினைகளின் மொத்தப் பயன்பாட்டில் சிறுபான்மையே என்பதையும், பிழைக்கு முன்னால் சரியாகச் சொல்லும் ஒரு காலம் இருப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். முதலில் சரி, பிறகு பிழை, மறுபடி சரி: இந்த வளைவு தெரியாமல் குழந்தை பின்னோக்கிப் போகிறது என்று பயப்படுகிறவர்கள் அதிகம். இதில் இன்னொன்று: ஒரே குழந்தை ‘எஸ்தா ரோத்தொ’ (உடைஞ்சிருக்கு) என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘லோ எ ரொம்ப்பீதொ’ (நான் அதை உடைச்சுட்டேன்) என்று சொல்லலாம். முதலாவது ‘பெரிய’, ‘சின்ன’ போன்ற பெயரடையாகக் கிடைத்த சொல், இரண்டாவது வினையிலிருந்து கட்டியது.

கண்டிப்பான சோதனை வேண்டுமானால் இல்லாத வினையைக் கொடுக்க வேண்டும். ஜீன் பெர்கோ 1958இல் ஆங்கிலக் குழந்தைகளிடம் செய்த முறை இது. மிகெல் பெரெஸ் பெரேயிரா 1989இல் ஸ்பானிஷுக்கு இதே வகையான சோதனையை வெளியிட்டார். ஒருவர் விசித்திரமாக ஏதோ செய்யும் படத்தைக் காட்டி, ‘இவருக்கு நிபார் தெரியும், நேற்றும் அதையே செய்தார், நேற்று இவர்…’ என்று நிறுத்தினால் குழந்தை ‘நிபோ’ என்று முடிக்க வேண்டும். மனப்பாடத்துக்கு இங்கே வழியில்லை. ஆனால் படமும் கேள்வியும் தெளிவாக இல்லாவிட்டால் விகுதி தெரிந்த குழந்தையும் முழிக்கும். அதனால் முதலில் தெரிந்த வினை இரண்டை வைத்து விளையாட்டைப் பழக்கிவிட்டு அப்புறம்தான் புதியதைக் கொடுக்க வேண்டும்.

‘போகாதே’, ‘வரட்டும்’ போன்ற வேண்டல் பொருளுக்கு உரிய சப்ஜன்க்டிவ் வடிவங்கள் ‘நோ தெ வாயஸ்’ (போயிடாதே) மாதிரித் தொடர்களில் மூன்று வயதுக்கு முன்பே எட்டிப் பார்க்கும். ஐயம், நிபந்தனை சார்ந்த பயன்பாடு பள்ளிப் பருவம்வரை இழுக்கும்.

பிரதேசத்துக்குத் திரும்புவோம், இது பாடப்புத்தகங்களில் போதிய அளவு வராத விஷயம். புவேனஸ் ஐரெஸில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’. அங்கே ஏவல் ‘மிரா’, ‘கொமே’ என்று கடைசி அசையில் அழுத்தத்தோடு வரும். ஆகவே ‘மீர’ (பார்க்கிறான்) வேறு, ‘மிரா’ (பார்) வேறு. மத்ரீத் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாக விழுகிற இடத்தில் புவேனஸ் ஐரெஸ் குழந்தைக்கு இரண்டு வடிவம் கிடைக்கிறது. கொலம்பியாவின் பொயாகா பகுதியில் பெற்றோர் சொந்தக் குழந்தையையே மரியாதைச் சொல்லான ‘உஸ்தேத்’ போட்டு அழைப்பது வழக்கம். அதற்கு வினை படர்க்கை வடிவம், எனவே ‘எஸ்’ வால் குறைவாகவே கேட்கும். அந்தலூசியா, கரீபியத் தீவுகள், சிலி ஆகிய இடங்களில் சொல்லிறுதி ‘ஸ்’ தேய்ந்து மூச்சொலியாகும் அல்லது மறைந்தே போகும். காரென் மில்லரும் கிறிஸ்தினா ஷ்மித்தும் சிலி, மெக்ஸிகோ குழந்தைகளின் பெயர்ச்சொல் பன்மையை ஒப்பிட்டு, ‘ஸ்’ நிலையில்லாமல் கேட்கும் சிலிக் குழந்தைகளுக்கு அது பிடிபடத் தாமதமாவதைக் காட்டினார்கள். ‘எஸ்’ விகுதியை அளக்கிறவர் குழந்தையின் தெருப் பேச்சைக் கேட்காமல் மதிப்பெண் போடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘லோ எ ரொம்ப்பீதொ’ என்று குழந்தை சொன்னால், ‘அப்படிச் சொல்லாதே’ என்று நிறுத்தாமல், ‘ஆமா, லோ அஸ் ரோத்தொ (நீ அதை உடைச்சுட்டே), இப்ப ஒட்டிடலாம்’ என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துவிடுங்கள். பேச்சு தொடர வேண்டும், அதுதான் முக்கியம். விகுதி அட்டவணையை ஒப்பிக்கச் சொல்வதால் பயன் இல்லை. பல பேரைப் பற்றிப் பேச வாய்ப்புக் கொடுப்பது பயன்படும்: பொம்மைகள் என்ன செய்கின்றன, நாம் என்ன செய்தோம், அவர்கள் எங்கே போகிறார்கள். காலியாகக் கிடக்கும் பன்மைக் கட்டங்கள் அப்படித்தான் நிரம்பும்.

மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்குமோ என்று ஐயப்படுகிறவர்கள் வினை விகுதியை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். ஆங்கிலத்தில் அந்தக் குறைபாட்டின் முதல் அடையாளம் வினையில்தான் தெரியும். ஸ்பானிஷில் அப்படி இல்லை. லீசா பெதோரேவும் லாரன்ஸ் லெனார்டும் 2001இல் காட்டியபடி, பெயர்ச்சொல்லைச் சார்ந்த உருபுகளிலும், ‘லோ’, ‘லா’ (அவனை, அதை, அவளை) என வினையை ஒட்டி வரும் சின்னச் சுட்டுப்பெயர்களிலும்தான் தடுமாற்றம் அதிகம். வினையில் பிழை வந்தாலும் அது சரியான வடிவத்துக்கு ஒரே ஒரு படி பக்கத்தில் நிற்கும், பெரும்பாலும் பன்மைக்குப் பதில் ஒருமை. நான்கு வயதுக் குழந்தை ‘ஸாபொ’ என்றால் விட்டுவிடுங்கள். அதே வயதில் ‘லோ’வும் ‘லா’வும் தொடர்ந்து விடுபட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு மொழி நிபுணரிடம் காட்டுங்கள், போகும்போது வீட்டில் பதிவு செய்த அரை மணி நேரப் பேச்சையும் கொண்டுபோங்கள்.